மாடிப்படிக்குக் கீழே ஒரு மருந்து!

துருப்பிடித்துக் கிடக்கும் அந்தப் பழைய சைக்கிளைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வேலைக்குப் போய் வர அதுவே போதும். ஆனால், ஏறி உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

போன தடவை ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை கொஞ்சம் கூட. கொழுப்பு கொஞ்சம் கூட. தொப்பை? வேண்டாம், அதைப் பற்றிப் பேசி உங்கள் மனதை நோகடிக்க விரும்பவில்லை. 'தினமும் அரை மணி நேரமாவது உடம்பை அசையுங்க' என்று டாக்டர் சொன்னார். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். ஒரு வாரம் நடந்தீர்கள். அப்புறம் ஷிஃப்ட் மாறியது. மழை வந்தது. மச்சான் வீட்டுக் கல்யாணம் வந்தது. வாக்கிங் செருப்பு மூலைக்குப் போனது.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். காலை ஷிஃப்டுக்கு ஓடுகிறவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? அதனால்தான் கேட்கிறேன், வேலைக்குப் போகிற நேரத்தையே உடற்பயிற்சி நேரமாக மாற்றிவிட்டால் என்ன?

மாடிப்படிக்குக் கீழே பாருங்கள். அப்பா ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸோ, அட்லஸோ கிடக்கும். இல்லாவிட்டால் காலேஜ் நாளில் ஆசையாக வாங்கிய, வளைந்த ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள் இருக்கும். மேலே பழைய பேப்பர் கட்டு, பக்கத்தில் தண்ணீர்க் குடம். அதுதான் உங்கள் மருந்து!

சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளம்

வட சென்னைக்குச் சைக்கிள் புதிதா என்ன? விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., அசோக் லேலண்ட் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்த ஊர் இது. சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள்கள் வெள்ளம் போல வெளியே வரும். வண்டிகளுக்கும் அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நம் அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்தது.

'அட்லஸ் கம்பெனியையே மூடிட்டாங்களே, ஸ்பேர் கிடைக்குமா?' என்று கேட்பீர்கள். அதன் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் தேதி நின்றது உண்மைதான். அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பது வேதனையான வேடிக்கை. ஆனால் கவலை வேண்டாம். பழைய கறுப்பு வண்டிகளுக்கெல்லாம் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கம்பெனி வண்டிக்கு இன்னொரு கம்பெனி சாமான் பெரும்பாலும் பொருந்தும். அந்த டயரும் செயினும் இன்றும் தயாராகின்றன.

டிரைவரா, கண்டக்டரா?

சைக்கிள் மிதித்தால் நிஜமாகவே நோய் குறையுமா? 1953ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் ஒரு வேலை செய்தார். மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வந்திருந்தது. வேலையோடு சேர்ந்த அசைவும் உடற்பயிற்சிதான் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

2017ல் பிரிட்டனில் 2,63,450 பேரை ஐந்து ஆண்டு கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, கார், பஸ், ரயிலில் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்குச் சைக்கிள் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சைக்கிளில் போகிறவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கலாம். ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லையே!

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் ஆறேழு கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத கடலோரச் சமவெளி. நிதானமாக மிதித்தால் போக அரை மணி, வர அரை மணி. மூன்று நாள் போனாலே கணக்கு முடிந்தது.

முதலில் தட்டிப் பாருங்கள்

வண்டியை வெளியே எடுத்ததும் பெயின்ட் வாங்க ஓடாதீர்கள். கடற்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே பளபளப்பு இருக்கும். உள்ளே உப்பு அரித்திருக்கும்.

பெடல் அச்சு போகிற இடம், முன் ஃபோர்க்கின் தலைப்பகுதி, பின் சக்கரத்துக்குப் போகிற இரண்டு குழாய் - இந்த மூன்று இடத்தையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். 'டிங்' என்று மணி போலக் கேட்டால் நல்லது. 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெயின்டில் மயிரிழை போலக் கோடு ஓடுகிறதா? விரிசலாக இருக்கலாம். 'ஒரு வெல்டிங் வெச்சு ஓட்டிக்கலாம்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விரிசல் விட்ட ஃபோர்க் ஒருநாள் நடுரோட்டில் உடையும். அந்த வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஃப்ரேம் நன்றாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இனி ஓவராயில். இரண்டு சக்கரம், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து எல்லாவற்றையும் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, புதுப் பால்ஸ் போட்டு, புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு இது கைவந்த கலை. பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த நட்டு எங்கே என்று தெரிந்துகொண்டால் பின்னால் உதவும்.

பெடல் கட்டையைப் பிடித்து ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்கிறதா? காட்டர் பின் தேய்ந்திருக்கும். இருபக்கமும் புதிதாகப் போடுங்கள். அந்த ஆட்டத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் முட்டிதான் அடி வாங்கும்.

செயினைப் பல்சக்கரத்தின் முன்பக்கத்தில் விரலால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. சக்கரத்தின் கம்பிகளை வீணை மாதிரி மீட்டுங்கள். ஏறக்குறைய ஒரே சத்தம் வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் முடுக்கி, கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

28 எல்லாம் 28 இல்லை!

டயர் வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். கறுப்பு வண்டியின் டயரில் 28 x 1½ என்று இருக்கும். பழைய ரேஸ் சைக்கிளில் பெரும்பாலும் 27 x 1¼. இப்போது வருகிற புது வண்டிகளில் 700 என்றோ, சில சமயம் 28 என்றோ போட்டிருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் டயர் உட்காருகிற விட்டம் முறையே 635, 630, 622 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்கூட டயரைக் கழன்று வர வைக்கும். அதனால் பழைய டயரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். அதுதான் உண்மையைச் சொல்லும்.

நம் பக்கத்து ரோடுகளுக்கு ஊசி டயர் ஒத்துவராது. லாரியிலிருந்து விழுந்த போல்ட், ஜல்லி, தண்ணீர் நின்ற பள்ளம் எல்லாம் இருக்கும். ஃப்ரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமான டயராகப் போடுங்கள்.

ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு...

குனிந்து ஓட்டுவது மைதானத்துக்குச் சரி. டி.எச். ரோட்டில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனால் முன்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. நாற்பதைத் தாண்டிய முதுகும் கழுத்தும் அதைத் தாங்காது. வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, நேராகவோ லேசாகப் பின்னோக்கி வளைந்தோ இருக்கிற ஹேண்டில்பார் போடுங்கள். பிரேக் லீவரும் கேபிளும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய லீவரை அப்படியே திருப்பி மாட்ட வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் கனம் பின்பக்கம் போகும். அதனால் ஒல்லியான சீட்டுக்குப் பதில் கொஞ்சம் அகலமான சீட்டு தேவை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் - ரேஸ் வண்டியில் இல்லாத இந்த நான்கையும் சேர்த்தால்தான் அது வேலைக்குப் போகிற வண்டி.

முட்டி வலிக்குக் காரணம் சீட்டு!

'சைக்கிள் ஓட்டினா முட்டி தேஞ்சிடும்' என்று சொல்கிறவர்களின் வண்டியைப் பாருங்கள். சீட்டு பள்ளத்தில் இருக்கும். நின்றால் இரண்டு காலும் தரையில் முழுசாகப் பட வேண்டும் என்று இறக்கி வைத்திருப்பார்கள். முட்டி நன்றாக மடங்கியபடியே மிதித்தால் முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் ஏறும். வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான உயரம் கண்டுபிடிப்பது சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடியில் கொண்டு வந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு சாயக் கூடாது. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் அல்லவா? அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. வண்டியை நிறுத்தும்போது கால் விரல்தான் தரையைத் தொடும். ரொம்ப வருஷம் கழித்து ஏறுகிறவர்கள் பயப்படாமல் பழக, வாரத்துக்குக் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே வரலாம்.

ஹேண்டில்பார் சீட்டைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். மணிக்கட்டு மரத்துப்போனால் ஹேண்டில்பார் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறது என்று அர்த்தம். தொடையிடுக்கில் மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கும். சமமாக்குங்கள்.

இன்னொரு ரகசியம் பின்சக்கரத்துப் பல்லில் இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் நாலரை மீட்டர்தான் போகும். 'அட, குறையுதே!' என்கிறீர்களா? குறைவது வேகம் மட்டுமில்லை, மிதிக்க வேண்டிய அழுத்தமும்தான். முட்டிக்கு அதுதான் நல்லது. கனமாக மெதுவாக மிதிப்பதைவிட லேசாக அடிக்கடி மிதிப்பது மேல். கோடை மாலையில் தெற்கே வீடு திரும்பும்போது கடற்காற்று எதிர்த்து அடிக்குமே, அப்போது இந்த 22 பல்லுக்கு நன்றி சொல்வீர்கள். ஃப்ரீவீல் மாற்றினால் செயின் நீளத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ரோட்டிலயா?

வண்டி தயார். வீட்டில் உங்கள் மனைவி கேட்பார்: 'அந்த கன்டெய்னர் லாரிங்க நடுவுலயா போகப் போறீங்க? வேணாங்க.' சிரித்து மழுப்பாதீர்கள். அவர் பயம் நியாயமானது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்குப் பக்கத்தில் சைக்கிள் என்பது யானைக்குப் பக்கத்தில் எலி. இதற்குப் பதில் தைரியம் இல்லை, தந்திரம்தான்.

நம் ஊரில் லாரி டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். லாரியின் இடது முன் பக்கத்தில், கதவை ஒட்டி நிற்கிற சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் விலகிப் போகும், பின்சக்கரமோ உள்ளே வெட்டிக்கொண்டு வரும். 'ஓரமா சந்து இருக்கே' என்று நுழைகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஆகவே, லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழையவே நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு அகலமாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். உள்தெருக்களில் போனால் ஐந்து பத்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு விடியற்காலையில் வழியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழு தூரமும் மிதிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், அப்புறம் ரயில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடந்து போங்கள். சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் மாட்டிக் கவிழ்த்துவிடும். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரத்திலேயே பிரேக்கைத் தொட ஆரம்பியுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். பழைய டைனமோ வேலை செய்யாவிட்டால் சார்ஜ் செய்கிற எல்.இ.டி. விளக்கு போதும். தலைக்கு ஹெல்மெட். நைட் ஷிஃப்ட் முடிந்து கண் சொருகும்போது சைக்கிளில் ஏறவே ஏறாதீர்கள்.

புகையில் மிதிக்கலாமா?

நல்ல கேள்வி. மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசிக்கிற நாம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 100 மைக்ரோகிராம் இருக்கிற மோசமான ஊரில்கூட, தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதித்தால்தான் நன்மையைவிடத் தீமை அதிகமாகிறது என்று கண்டார்கள். போக வர ஒரு மணி நேரம் என்றால் நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் இது நுண்துகளுக்கான கணக்கு மட்டுமே. வாயு நெடி வேறு விஷயம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். போகிற வழியில் கண் எரிந்து மூச்சு முட்டினால் முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய்விடுங்கள். புகைமூட்டமான நாளில் சைக்கிளுக்கு லீவு கொடுங்கள். சாதாரணக் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நெஞ்சுவலி வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்தி வாயில் போடுங்கள்.

இல்லத்தரசிகளே, உங்களுக்கும்தான்!

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் வண்டியிலேயே ஏறி ஓட்டினார்கள். பள்ளியில் மகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறதா? அதையே சரிசெய்து மார்க்கெட்டுக்கு எடுங்கள். செயினுக்கு முழு மூடி, பின்சக்கரத்துக்குச் சேலை சிக்காமல் இருக்க வலை - இந்த இரண்டும் முக்கியம். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடையுங்கள். உலர்ந்ததும் செயினுக்கு மெஷின் ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்து மண் சேரும். காற்று சரியாக இருக்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? நட்டு எதுவும் தளர்ந்திருக்கிறதா? அவ்வளவுதான். டிபன் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல் கேரியரில் கட்டுங்கள்.

முதல் வாரமே எண்ணூர் வரை போய் வீரம் காட்ட வேண்டாம். தெருவைச் சுற்றிப் பதினைந்து நிமிடம். அடுத்த வாரம் பாதி தூரம். மூன்றாவது வாரம் வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும்.

மூன்று மாதம் கழித்து அதே டாக்டரிடம் போங்கள். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், புது ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். 'என்ன செஞ்சீங்க?' என்று கேட்டால் ஜன்னல் வழியாக வெளியே காட்டுங்கள். அங்கே ஸ்டாண்டு போட்டு நிற்கும், அப்பாவின் பழைய சைக்கிள்!